நானூற்றுப் பதின்மூன்று

அந்த இங்கிலாந்துச் சிற்றூரின் பழைய ஆற்றுப்பாலம் வெறும் கற்பலகைகளை அடுக்கியது, சாந்து கிடையாது. வெள்ளம் இழுத்துப்போனால் தேடியெடுத்து அதே இடத்தில் வைக்க வசதியாக, ஒவ்வொரு கல்லிலும் எண் இருக்கும். பாலத்தருகே இடிந்துகொண்டிருந்த தன் மாளிகைக்கும் கிழவர் ஹியூபர்ட் அதையே செய்தார். விழுந்த கல்லுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டுப் புல்தரையில் பரப்பிவைத்தார். எது எங்கிருந்து விழுந்தது என்பதை மட்டும் எங்கும் குறிக்கவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் யாழ்ப்பாணத்துச் சுகிர்தா, அன்று விழுந்த கல்லில் 412 எழுதி முடித்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், மறுகோடியில் இருந்த அவர் தன் புறங்கையை நீட்டினார்.

"இதுலயும் போடு."

"கல்லுக்கெல்லோ ஐயா நம்பர் போடுறது?"

"நானும் விழத்தானே போறேன். யாராவது எடுத்து வைக்க வேண்டாமா?"

அவள் 413 எழுதினாள். அவர் அதை ஊதிக் காயவைத்தார்.

"சரி, என்னை எடுத்து வைக்கும்போது இந்தப் பக்கம் எந்தக் கல்லு வரும்? அந்தப் பக்கம் எது?"

சுகிர்தா புல்தரையில் கிடந்த கற்களைப் பார்த்தாள். அவர் பெஞ்சில் மெல்ல நகர்ந்துவந்து, இடைவெளியே இல்லாமல் அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பாலத்துக்கு அப்பால், அவளை ஏற்றிப்போக வந்த கார் இரண்டாவது முறையாக ஹார்ன் அடித்தது.