எருமையக்கா கிளம்பின பாட்டு

குளத்தங்கரையில கொண்டல்னு ஒரு தவளை ஓபரா பயிற்சிப் பட்டறை போட்டுச்சு. ஓபரான்னா கதையில வர்றவங்க எல்லாத்தையும் பாடியேதான் சொல்லணும். கத்துக்க வந்தது ஒரு எருமை, ஒரு கோழி, அவ்வளவுதான். கொண்டல் விளக்கின விளக்குல கோழி தூங்கியே போச்சு.

எருமையும் எந்திரிச்சு, "நமக்கு இதெல்லாம் சரிப்படாது தம்பி, நான் கிளம்புறேன்"னுச்சு.

அதுவும் போயிட்டா பட்டறையே காலி. ஆனா கொண்டல் அசரல. "தாராளமா போக்கா! அதை மட்டும் பாடிட்டுப் போ!"

எருமை வெக்கத்தோட, "நான் கிளம்புறேஏஏன்"னு இழுத்துச்சு.

கோழி திடுக்குனு முழிச்சு, "இப்பவேவாக்காஆஆ?"ன்னு எசப்பாட்டு பாடுச்சு.

"இதோ கிளம்பிட்டேஏஏன்!"

"அப்படியென்ன அவசரம்ம்ம்?"

கொண்டல் குஷியா தாளம் போட்டுச்சு.

பொழுது சாஞ்சப்பவும் எருமை கிளம்பிக்கிட்டேதான் இருந்துச்சு, நின்ன எடத்துல இருந்து ஒரு அடிகூட நகராம.