பதினொண்ணு பத்து

சதுரங்கப்பட்டினம் பஸ் செங்கல்பட்டு ஸ்டாண்டைவிட்டு இன்னும் நகரவில்லை. துரை வாயிலிருந்த பஞ்சை ஜன்னலுக்கு வெளியே துப்பினார். சிவப்பாக விழுந்தது.

“ஏம்மா தமிழு, அமெரிக்காக்காரன் பல்லுக்கெல்லாம் நம்பரு போட்டுகினு கீறியே. இப்போ என் வாயில பண்ணாங்களே, இதுக்கு இன்னா நம்பரு?”

வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது. வார்த்தைகள் நசுங்கி வந்தன.

அவர் மகள் தமிழ்ச்செல்விக்கு நம்பர் தெரியும். ஹைவே ஓரத்துக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. அமெரிக்காவில் எவனோ ஒருவன் வாயில் டாக்டர் செய்ததைப் படித்து, அதற்குரிய நம்பரைப் போட்டால்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். பல் பிடுங்கினால் ஒரு நம்பர், அடைத்தால் ஒரு நம்பர். தப்பு நம்பர் என்று அவள் போட்ட எந்தக் கிளெயிமும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

கன்னத்துச் சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினால் எழுபத்திரண்டு எண்பத்தாறு. சில பெயர்களுக்குக் கொஞ்ச நாள் கழித்து எழுபத்திநாலு தொண்ணூறு வரும். தாடையை அறுத்து எடுப்பது. அதற்கப்புறம் அந்தப் பெயர் அவள் கம்ப்யூட்டரில் வருவதில்லை.

அடுத்த வாரம் ரிசல்ட்டுக்கு வரச் சொன்னார் பெரியாஸ்பத்திரி டாக்டர். கூட நின்ற டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னது வேறு. துரைக்கு அது புரியவில்லை. பாலாற்றில் மணல் அள்ளி, லாரிக்குச் சுமந்து, அவர் மகளுக்கு வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ்.

“பதினொண்ணு பத்துப்பா.”

“அப்டின்னா?”

“பல்லு கிளீன் பண்றது.”

துரை முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். “கேட்டியா அண்ணாத்த, பல்லு கிளீன் பண்ணதுக்குப் போயி ஒரு லோடு போச்சு. இவதான் பயந்துகினு இஸ்துகினு வந்துட்டா. வூட்ல போலீஸ வளத்து வெச்சிகீறேன். பொகையிலய எட்த்தா போதும், கைய முறுக்கிப் புடுங்கிடுவா.”

“அதான் நீ உருப்படியா கீற,” என்றார் அவர்.

பொய்யில்லை. கன்னத்தில் புண் வந்த நாளிலிருந்து, துரை பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் பிடுங்கிச் சாக்கடையில் எறிவாள். அவர் கத்துவார். அவளும் கத்துவாள். தெருவே பார்த்துச் சிரிக்கும்.

பஸ் கிளம்பியது. திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தபோது துரை இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். வேண்டுமென்றே அவள் முகத்துக்கு நேராகப் பிரித்தார். உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

தமிழ்ச்செல்வி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தது.

இன்னும் கொஞ்சம் தேய்த்தார். அவள் கை வரவில்லை.

கட்டைவிரல் நின்றது.

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு உள்ளங்கையில் இருந்ததைச் சிந்தாமல் பொட்டலத்தில் திரும்பக் கொட்டி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.