மலைக்குப் போகிற பஸ்

“சின்னக்கண்ணு எவ்ளோ குடுத்தான்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மாணிக்கவேல் கேட்டுவிட்டார். முள்ளிப்பட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை சந்திரகாந்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணரை லட்சம்ங்க. நாப்பது புள்ளைங்க நாலு நாள் ஜவ்வாது மலையில தங்கப்போறாங்க. மரம், பறவை, ஓடைன்னு கூடவே நடந்து சொல்லித்தர ரெண்டு பேர் வராங்க. பட்டு நூல்லயே பொறந்து வளந்த புள்ளைங்க, உசுரோட ஒரு புழு கூடு கட்டறதப் பாத்ததில்லைங்க.”

புழுவும் பறவையும் மாணிக்கவேலின் காதில் ஏறவே இல்லை. ஒன்றரை லட்சம் மட்டும்தான் ஏறியது.

ஆரணிக் கடைத்தெருவில் இரண்டு பேருடைய பட்டுக்கடையும் எதிரெதிரே. இவர் கண்ணாடிக் கதவு போட்டார், சின்னக்கண்ணு ஏசி போட்டார். இவர் ஏசி போடுவதற்குள் அவர் மாடி எடுத்துவிட்டார். கல்யாணக் கூட்டம் எதிர்க்கடைப் படியேறும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். அன்று ராத்திரி குழம்பில் உப்பில்லை என்று மனைவி பரிமளாவிடம் எரிந்து விழுவார். அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டவர்தான். ஆனால் இந்த மலை விஷயத்தை அவரால் தாங்க முடியவில்லை.

“மலைன்னா இன்னான்னே தெரியாது டீச்சர் அவனுக்கு. ஒம்போதாவது படிக்கசொல்ல, இதே ஸ்கூல்லருந்து நான்தான் அவனை போளூர் பஸ்ஸுல ஏத்தி ஜவ்வாது மலைக்கு இட்டுகினு போனேன். ஓடையப் பாத்து வாயப் பொளந்துகினு நின்னான். வந்து அடி வாங்கினது நானு. இப்ப புள்ளைங்கள மலைக்கு அனுப்புற மகராசன் அவனாம். ஊரே பேசிகினு இருக்குது.”

சந்திரகாந்தா எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். “தன் பேரு எங்கயும் வரக்கூடாதுன்னுதான் அவர் சொன்னாருங்க.”

“அதெல்லாம் நடிப்பு. அப்போ அது இன்னாவாம்?”

அலமாரித் தட்டில் மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுத் துணி மடித்து வைத்திருந்தது.

“பஸ் கெளம்புற அன்னிக்கு மேடையில கட்டறதுக்குத் தன் தறியிலயே நெய்து குடுத்திருக்காருங்க. அன்னிக்குதான் பிரிக்கணும்னு…”

அதற்குள் மாணிக்கவேல் எழுந்துபோய் அதைக் கையில் எடுத்துவிட்டார். பட்டுக்காரர்கள் எப்போதும் முதலில் துணியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முன்பக்கம் வாங்க வருகிறவர்களுக்கு. அவரும் ஓரத்தைப் புரட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார். ஏதோ எழுத்து நெய்திருப்பது தெரிந்தது; ஜரிகை இழைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்ததில் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிசிறுகூடக் கிடைக்கவில்லை. தன்னிடம் நெய்கிறவர்களில் இப்படி முடிக்க ஆளில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் காதில் புகை வராத குறை.

“நெசவு சுமார்தான்” என்று வாய் கூசாமல் சொன்னார்.

“அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்களேன்.”

“பாத்தவரைக்கும் போதும் டீச்சர்.”

துணியை மேசையில் போட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார்.

“மூணு லட்சம் எழுதறேன். ஆனா அவன் பணமும் இந்தத் துணியும் இன்னிக்கே திரும்பிப் போயிடணும். புள்ளைங்க போடற பனியன்ல என் கடை பேரு, பஸ்ஸு நெத்தியில என் பேரு. அவன் பேரு அந்தப் பக்கமே வரக்கூடாது.”

“ரெண்டு பேர் பணமும் இருந்தா பத்தாவது பொண்ணுங்களையும் கூட்டினு போலாமேங்க.”

“அவன் பணம் இருக்கற எடத்துல என் பணம் இருக்காது.”

சந்திரகாந்தா செக்கைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் எண்பதாகிற தொகை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ங்க.”

“ஜல்தியா கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

டீச்சர் போன் போட்டு, விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாணிக்கவேல் மேசைமேல் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். எதிர்க்கடைக்காரன் ஒரே ஒரு தடவையாவது பொறாமையில் கத்துவதைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை.

“அவனா? அவனே வந்தானா?” சின்னக்கண்ணுவின் குரலில் சிரிப்பு. “அப்ப என் பணம் எதுக்குங்க டீச்சர்? அவன் குடுக்கறதுதான் சரி. எனக்கு ரொம்ப சந்தோஷம்ங்க.”

“துணிய இன்னிக்கே அனுப்பிடவாங்க?”

“எனக்கு வேணாங்க. நான் வச்சுகினு இன்னா பண்ணப்போறேன்? அவன் கையிலயே குடுத்துருங்க. வருஷக்கணக்கா என்கூடப் பேசாம இருக்கான், அதையாவது வாங்கிக்கறானா பாப்போம்.”

போன் அணைந்தது. சந்திரகாந்தா துணியை மாணிக்கவேல் பக்கமாக நகர்த்தினார். சின்னக்கண்ணு கத்தவில்லையே என்ற கடுப்போடு மாணிக்கவேல் அதை எடுத்து, இந்தத் தடவை முன்பக்கத்தைத் திருப்பினார்.

அரக்கு ஜரிகையில், பிசிறில்லாமல், எழுத்தெழுத்தாக நெய்திருந்தது: ‘என்னை முதன்முதலாக மலைக்குக் கூட்டிப்போன என் தோழன் மாணிக்கவேலின் பெயரால், முள்ளிப்பட்டுப் பிள்ளைகளுக்கு.’