குப்பைக் கொட்டகை வேண்டாம்

"எங்க தெருவுல குப்பை பிரிக்கிற கொட்டகை வந்தா மனுஷன் குடியிருக்க முடியாது" என்று மனுவை நீட்டினார் குடியிருப்போர் சங்கத் தலைவர். பின்னால் இருபது தலைகள் ஆடின.

தெருக்கோடியில் இருந்த நகராட்சிக் கட்டடத்தில் கூட்டம். பொறியாளர் மனுவைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

"முதல்ல டீ குடிங்க சார். ஃபேன் போடட்டுமா?"

"எதுக்கு? ஜன்னல் வழியா காத்து சிலுசிலுன்னு வருது. இதைக் கெடுத்துடாதீங்கன்னுதான் சொல்றோம். நாத்தம்னா என் மூக்குக்கு நாலு தெரு தள்ளியே தெரிஞ்சிடும்."

"பிஸ்கட் எடுத்துக்குங்க."

தலைவர் இரண்டாவது டீயையும் ரசித்துக் குடித்து முடித்தார். "சரி, கொட்டகையை எப்பத்தான் ஆரம்பிக்கிறதா இருக்கீங்க?"

"ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு சார். திறப்பு விழாதான் பாக்கி."

பொறியாளர் எழுந்து பக்கத்துக் கதவைத் தள்ளினார். உள்ளே நான்கு பெண்கள் பாட்டிலையும் அட்டையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலைத் தொட்டியில் காய்கறிக் கழிவு உரமாகிக்கொண்டிருந்தது.

"நீங்க உட்கார்ந்திருக்கிறது அதோட ஆபீஸ் ரூம்."

தலைவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அதானே பார்த்தேன். வந்ததுலேருந்தே ஒரே நாத்தம்."