மேம்பாலத்தில் மாஸ்டர் பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் கால் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டப் பழகுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்து சீட்டில் இருக்கும் மாஸ்டருக்கு.

மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கார் மூன்றாவது தடவையாக அணைந்துபோனது. பின்னால் ஓர் இளநீர் வண்டி ஒட்டி நின்றது. ஓட்டப் பழகிய மரியபுஷ்பம் டீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இது எனக்கு வராது சார்."

"நான் மட்டும் இல்லேன்னா இந்நேரம் இளநீரெல்லாம் ரோட்டுல உருண்டிருக்கும்," என்றது மாஸ்டர் பிரேக்.

ஹேண்ட் பிரேக்குக்கு எரிச்சல் வந்தது. "அண்ணே, டீச்சர் கிளட்ச்சை அளவாத்தான் விடுறாங்க. வண்டி அதிர்ந்த பிறகுதான் என்னை இறக்குறாங்க. முன்னால நகரப்போற நேரம் பார்த்து நீங்கதான் அமுங்கிடுறீங்க. பின்ன அணையாம என்ன செய்யும்?"



டீச்சர் நான்காவது தடவையாக சாவியைத் திருப்பினார். கிளட்ச் மெல்ல மேலே வந்தது. கார் அதிர்ந்தது, ஹேண்ட் பிரேக் இறங்கியது. பழக்கதோஷத்தில் மாஸ்டரின் கால் பிரேக்கை மிதித்தது. மாஸ்டர் பிரேக் பல்லைக் கடித்துக்கொண்டு அமுங்காமல் நின்றது.

கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. பாலத்தின் உச்சியில் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்பாடா," என்றது மாஸ்டர் பிரேக். "சும்மா இருக்கிறது எனக்கு வராதுன்னே நெனச்சேன், தம்பி."