நோன்பு மாதத்துப் பகல் சாப்பாடு

"ரமலான் மாசத்துல, பட்டப்பகல்ல, உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா உன் அண்ணி!"

ஹஃப்ஸா வந்து சொன்னபோது சபிஹா முதலில் நம்பவில்லை. ஹஃப்ஸா, சபிஹாவின் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு.

"அண்ணனுக்கு ஊட்டிக்கிட்டிருப்பாங்க. அவருக்குத்தான் நோன்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"அவரு சாப்பிடட்டும், யாரு வேணாங்குறா? 'எனக்கும் ஒரு கரண்டி வச்சுக்கிறேங்க'ன்னு அவ சொல்றது என் அடுப்படி வரைக்கும் கேக்குது. தினமும் கோதுமை உப்புமா. நோன்பை விட்டதுதான் விட்டா, போயும் போயும் உப்புமாவுக்காகவா விடணும்? இதுல சாயந்தரமானா பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி வேற குடுத்து விடுறா!"

ஹஃப்ஸாவுக்கு ஒரு சேதி கிடைத்தால் திருத்துறைப்பூண்டி முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். சபிஹாவுக்கு மானம் போனது போலிருந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினாள்.

அண்ணன் ஹபீப் முகம்மது சாக்கு வியாபாரி. சம்பா அறுவடை வந்தால் சுற்று வட்டாரமே சாக்குக்கு அவர் கடைக்குத்தான் வரும். இந்த அறுவடைக்குக் கடை பூட்டிக் கிடந்தது. மார்கழியில் நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூரில் பைபாஸ் செய்தார்கள். சர்க்கரையோ பல வருஷத்துச் சர்க்கரை. நெஞ்சில் போட்ட தையல் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. இதயத்தில் வைத்துத் தைக்க ரத்தக் குழாய் எடுத்தார்களே, அந்தக் கால்தான் சேரவில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் சீழ் வாடை வீட்டை நிறைக்கும்.

"ஆபரேஷனோட என் வேலை முடிஞ்சுது. அது நிலைக்கிறது உங்க சர்க்கரை கையில இருக்கு. இன்சுலின் ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

ஹபீப் கேட்டால்தானே? ரமலான் முதல் நாள் ஊசியைப் போட்டுக்கொண்டார். மனைவி ஆயிஷா வைத்த இட்லியைப் பூனைக்குப் போட்டுவிட்டு நோன்பு இருந்தார். சாயந்தர அஸர் தொழுகைக்கு முன்பே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இன்னொரு தடவை சர்க்கரை இப்படி இறங்குனா காப்பாத்த முடியாதும்மா" என்று ஆயிஷாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

'நோன்பு வச்சா சர்க்கரை தானா கட்டுப்படும்ணே, டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க' என்று அண்ணனை உசுப்பிவிட்டது சபிஹாதான். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அறை வாசலில் திரை தொங்கியது. உள்ளே தட்டில் ஸ்பூன் படும் சத்தம்.

"இன்னொரு கரண்டி வைக்கட்டுமாங்க?" ஆயிஷாவின் குரல்.

"உனக்கு?"

"எனக்கும் வச்சுக்கிறேன். இன்னிக்கு நல்லா உதிரி உதிரியா வந்திருக்கு."

சபிஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரைக்கு வெளியே நின்றபடியே கத்தினாள்.

"ஏன் அண்ணி, கல்லு மாதிரி உடம்பை வச்சுக்கிட்டு நோன்பை விட எப்படி மனசு வருது உங்களுக்கு? அல்லாஹ்வுக்குப் பயப்பட வேணாம்? அண்ணன் புண்ணோட கிடக்கிறாரு, உங்களுக்கு உதிரி உப்புமா கேக்குதா?"

உள்ளே சத்தம் நின்றது. பதில் சொன்னது ஆயிஷா இல்லை, ஹபீப்.

"சபிஹாவா? வாயை மூடு! அவளுக்கும் சர்க்கரை வந்துடுச்சு. டெஸ்ட்ல தெரிஞ்சுது. மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா அவளும் என்னை மாதிரி விழுவா."

ஹபீப் விடவில்லை.

"நான் சாப்பிட்டாத்தான் சாப்பிடுவேன்னு பிடிவாதம் பிடிக்கிறா. ஊரே நோன்பு இருக்கையில எனக்கு மட்டும் இது தொண்டையில இறங்குமா? நோன்போட மவுத்தாப் போனா நல்ல சாவுன்னு இருந்தவன் நான். இவ உசுருக்காகத்தான் முழுங்கிக்கிட்டிருக்கேன்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று சபிஹா திரையை விலக்கினாள்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹபீப், காலடிச் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பினார். சர்க்கரை அவர் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. எதிரே ஆள் இருப்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான்.

எதிரே ஸ்டூலில் ஆயிஷா இருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மடியில் தட்டு. அதில் ஒரு பருக்கைகூட இல்லை. கழுவித் துடைத்த வெறும் தட்டு, ஒரு ஸ்பூன்.

சர்க்கரை வந்த கதையும் அந்தத் தட்டு மாதிரிதான் என்று சபிஹாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சொல்லிவிடாதே என்று ஆயிஷா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"என்ன ஆயிஷா, சத்தத்தையே காணோம்? இவ கத்துனதுல நிறுத்திட்டியா?" ஹபீப் தன் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப எனக்கும் வேணாம். எடுத்துட்டுப் போ."

சபிஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஆயிஷாவின் மடியிலிருந்த ஸ்பூனை எடுத்து வெறும் தட்டில் உரசினாள்.

"நிறுத்தலண்ணே, அவங்களுக்குத் தீர்ந்து போச்சு. இதோ, நானே வச்சுட்டேன். அண்ணி சாப்பிடுறாங்க, நீங்களும் சாப்பிடுங்க."