எந்தக் கண்?

"பாப்பாவுக்கு எந்தக் கண்ணுல ஆபரேஷன்?"

தியேட்டர் கதவை அரையடி திறந்து நர்ஸ் இப்படிக் கேட்டதும், பெஞ்சில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். குழந்தையின் அப்பா, அம்மா, அம்மாவின் மாமியார்.

"என்னங்க, இப்ப வந்து கேக்குறீங்க? இடது கண்ணு!" அப்பா எழுந்தே விட்டார்.

"ஃபைல்லயும் அப்படித்தான் இருக்கு. ஆனா டாக்டர் காலையில இமைக்கு மேல பேனாவால போட்ட அடையாளத்தைக் காணோம். அது இல்லாம அவர் கத்தியைத் தொட மாட்டாரு."

"தொங்குற இமை எதுன்னு பார்த்தாத் தெரியாதா?" என்றாள் மாமியார்.

"மயக்கம் கொடுத்தாச்சு பெரியம்மா. ரெண்டு கண்ணும் மூடிக்கிச்சு. மூடின கண்ணுல எது தொங்குதுன்னு எப்படிச் சொல்றது?"



மூன்று வயசுக் குழந்தை. பிறந்ததிலிருந்தே ஒரு இமை பாதிக்கு மேல் தூக்காது. அப்படியே விட்டால் அந்தக் கண்ணில் பார்வையே வளராது என்று டாக்டர் சொல்லி, "பச்சைப் புள்ள முகத்துல கத்தியா?" என்ற மாமியாரை ஆறு மாசம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, மருமகள் கூட்டி வந்திருக்கிறாள்.

"அடையாளத்தை யாரு அழிச்சது?" என்று கேட்டாள் நர்ஸ்.

மாமியார் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"காலையிலேர்ந்து புள்ள இவகிட்டதான் இருந்துச்சு. சொல்லுடி. புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, அப்புறம் இந்த வீட்டுல உனக்கு..."

மருமகள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான் அழிச்சேன்."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆயாம்மா. காலையிலிருந்தே "தள்ளு, தள்ளு, இது என்ன சந்தையா?" என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தவள்.

"மூக்கு ஒழுகிட்டிருந்துச்சு. ஈரத்துணியால முகத்தைத் துடைச்சேன். போயிருக்கும்." கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் சொன்னாள்.

"அடிப்பாவி! உன் வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படிக் குத்துக்கல்லாட்டம் நிப்பியா?" என்று கத்தினாள் மாமியார்.

"இந்த மாதிரி ஆளையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சது?" அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

ஆயாம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். அம்மாவை வரச் சொல்லுங்க. தொட்டுக் காட்டட்டும்."

பச்சை அங்கியும் குல்லாவும் மாட்டி அவளை உள்ளே கூட்டிப்போய், குழந்தையின் தலைமாட்டில் நிறுத்தினார்கள்.

பெரிய விளக்குக்குக் கீழே அந்தச் சின்ன முகம். இரண்டு இமையும் சமமாக மூடியிருந்தன. தூங்கும்போது எப்போதும் இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து எத்தனையோ தடவை சந்தோஷப்பட்டிருக்கிறாள். இன்றைக்கு அதுவே வம்பாகிவிட்டது.

"காட்டுங்கம்மா."

விரல் ஒரு கண்ணுக்குப் போனது. நின்றது. இன்னொன்றுக்குப் போனது. எதிரே நின்று பார்த்துப் பழகிய முகம், தலைகீழாகக் கிடக்கிறது. இடது எந்தப் பக்கம்?

தப்பாகக் காட்டினால் நல்ல கண்ணில் கத்தி விழும்.

"பதறாதீங்க. நிதானமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொள்வதுபோல் இடது கையை வளைத்தாள். கடைத்தெருவில் நடக்கும்போது முன்பக்கமாக வருகிற கண். எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் "ஏம்மா, பாப்பாவுக்கு ஒரு கண்ணு மட்டும் தூக்கமா?" என்று கேட்கிற கண்.

கண்ணைத் திறந்தாள். மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து, தொட்டாள்.

"இதுதான் டாக்டர்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

டாக்டர் ஃபைலை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

ஒன்றரை மணி நேரம் அந்தப் பெஞ்சில் யாரும் முதுகைச் சாய்க்கவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. "நல்லபடியா முடிஞ்சுது. இமை அழகா நிக்குது" என்று சிரித்த டாக்டர், ஆயாம்மாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்கு மேட்ரன்கிட்ட எழுத்துல விளக்கம் குடுத்துட்டு, அப்புறம் வேலைக்கு வா."

"சரிங்க" என்றவள், குழந்தையைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

"விளக்கமா? வேலையை விட்டே தூக்கணும். நானே மேட்ரனைப் பார்க்கிறேன்." அப்பா கிளம்பினார்.

"போடா, நானும் வர்றேன்." மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மருமகள் இரண்டு பேருக்கும் குறுக்கே வந்து நின்றாள்.

"நீ எதுக்கு? அவளுக்குப் பாவம் பார்க்கப் போறியா?"

அவள் நகரவில்லை. மாமியாரை நேராகப் பார்த்தே சொன்னாள்:

"அந்தம்மா பாப்பா முகத்தைத் தொடவே இல்ல, அத்தை. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு, சோப்பு போட்டுக் கழுவி விட்டது நான்."